சிவப்புக்கொடியும் அக்காவின் விசிலும்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிவப்புக்கொடி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். ஏதோ கட்சிக்காரர் போலிருக்கிறது என்று அரசியல் பேச வந்து ஏமாந்து போனவர்கள் உண்டு. மனிதருக்கும் அரசியலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அலைச்சறுக்கு கற்றுக்கொடுப்பது அவர் தொழில். காலையில் கடற்கரைக்கு வந்ததும் இரண்டு சிவப்புக்கொடிகளை மணலில் நட்டு, "இந்த ரெண்டுக்கும் நடுவுல யாரும் இறங்கக் கூடாது" என்று சொல்லிவிடுவார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சரியாக அந்த இடத்தின் மேல்தான் கண் போகும். மற்ற இடங்களில் அலை புரண்டு புரண்டு அடிக்கும்போது அங்கே மட்டும் தண்ணீர் சாதுவாக இருக்கும்.

"பாத்தா நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள்.

"அதனாலதான் கொடி" என்பார் மச்சான்.

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அது போகிற பாதையில் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும், இறங்கியவனை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். மச்சான் அதற்கு வைத்த பெயர் இழுப்பு. இளவயதில் லாரி டயர் கழற்றி மாட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். யாரோ உடைந்த அலைச்சறுக்குப் பலகை ஒன்றை ஒட்டித் தரச் சொல்லிப் பட்டறையில் போட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவே இல்லை. இவர் அதை ஒட்டி, எடுத்துக்கொண்டு போய், கடலிலேயே அமைதியான இடமாகப் பார்த்து இறங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றரை மைல் தள்ளிக் கரையேறினார். பலகையும் கால்சட்டையும் கடலோடு போய்விட்டிருந்தன. கடைத்தெரு வழியாக ஜட்டியோடு நடந்து வீடு வந்து சேர்ந்த கதையை ஊரே சொல்லும், அவரும் வெட்கமில்லாமல் சொல்வார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். யாராக இருந்தாலும் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் பதினைந்து நிமிடம் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். பேசக் கூடாது. நுரை எந்தப் பக்கம் நகர்கிறது, தண்ணீர் எங்கே கலங்கியிருக்கிறது, பெரிய அலை எத்தனை சின்ன அலைக்கு ஒரு தடவை வருகிறது, எல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆர்வத்தோடு வந்தவர்கள் நெளிவார்கள். "சார், பலகையத் தொடவாவது தொடலாமா?" என்று கேட்பார்கள். அவர் வாட்சைப் பார்த்து, "இன்னும் ஒம்போது நிமிஷம்" என்பார். இருபத்திரண்டு வருடம் இப்படிக் கற்றுக்கொடுத்ததில் ஒருவரைக்கூடக் கடலுக்குக் கொடுத்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

கரையில் காவல் என் அக்கா. அக்கா முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். காலை வகுப்பு முடிகிற வரைக்கும் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டுக் கழுத்தில் விசிலோடு கடற்கரையில் நிற்பாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. கண் மட்டும் கழுகு. குட்டி விசில் இரண்டு என்றால் 'என்னைப் பார்'. நீள விசில் ஒன்று என்றால் 'எல்லாரும் வெளியே வா'. தண்ணீருக்குள் இருக்கிறவன் கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. அதனால் அவருக்கு முதுகில் இருந்த கண் என் அக்காவின் விசில்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒருநாளைக்கு இருபது பேர் என் எதிரில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் பார்த்துப் பொய் சொல்கிறார்கள். தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்வார்கள். விளக்கு மங்கல் என்பார்கள். ராத்திரி தூக்கமில்லை என்பார்கள். தனக்கு ஒரு குறை வந்துவிட்டது என்பதை மட்டும் ஒருவரும் முதல் தடவையில் சொன்னதில்லை. அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. இப்படிப்பட்ட நான் மச்சான் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

முதலில் டிவி. அவர்கள் வீட்டு டிவியின் சத்தம் தெருமுனையிலேயே வரவேற்கும். அப்புறம் அவர் உட்காரும் இடம் மாறியது. எப்போதும் அறையின் வலது மூலையில், இடது காது நம்மைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வார். எல்லாரும் சிரித்தால் சிரிப்பார், அரை நொடி தாமதமாக. முன்பு அளந்து பேசியவர் திடீரென்று வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தார். தானே பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா? இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வயசானால் வாய் நீளும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அக்கா அவசரமாக ஒரு துணியைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினாள். "குக்கர்ல மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சுடுங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வரும்போது வீடு முழுக்கப் புகை. அவர் சமையலறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன விசில் வந்துச்சு?"

"ஒண்ணுகூட வரல. உன் குக்கர் கெட்டுப்போச்சு."

அக்கா கரிந்த குக்கரைத் தேய்த்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பிச் சத்தமாக, "காதைக் காட்டுங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள்.

"காதுல தண்ணி. காலைல அலை மேல விழுந்துச்சு, இன்னும் இறங்கல."

அலைச்சறுக்குக்காரர்கள் எல்லாரும் சொல்வது இதுதான். கடலில் கிடக்கிறவன் காதில் தண்ணீர் இல்லாமல் என்ன இருக்கும்? தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், ஒற்றைக் காலில் நொண்டியடிப்பார், கொஞ்சம் தண்ணீர் வரவும் செய்யும். "பாத்தியா?" என்பார். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. மூன்று வருடமாக ஒரு மனிதன் காதில் தண்ணீர் இருக்குமா? கடலில் ஒரு கைப்பிடி நுரை தப்பான பக்கம் நகர்ந்தால் கண்டுபிடிக்கிறவருக்கு இது மட்டும் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதும் சரியில்லை. ஒருநாள் என் கடைக்கு வந்திருந்தபோது நானே பேச்செடுத்தேன்.

"மச்சான், எதிர்த்த கட்டடத்துல காது டாக்டர் இருக்காங்க. அஞ்சு நிமிஷ வேல. வாங்க, நானும் வர்றேன்."

அவர் கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை மட்டும் நன்றாகக் கேட்டார்.

"போனா என்ன சொல்வாங்க? தண்ணில இறங்காதேன்னு சொல்வாங்க. அப்புறம் நான் என்னடா பண்றது? திரும்பப் போய் டயர் கழட்டவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த சட்டத்தைத் திருப்பி வைக்க இடம் தெரியாமல் தடுமாறினார். பயந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும். நானோ, "சரி விடுங்க, அந்தச் சட்டம் உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று பேச்சை மாற்றினேன். வீண் சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அது நடந்து ஒரு மாதத்தில் அந்தக் காலை வந்தது. வாரவிடுமுறை நாள். நான் பிளாஸ்கில் டீயோடு அக்கா பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான்கு பேர் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். ஒரு கணக்கு டீச்சர், ஒரு வங்கிக்காரர், காலேஜில் படிக்கும் இரண்டு பெண்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார்கள். மச்சான் கொடிகளை நட்டார். அவர் கணித்ததில் ஒரு பிழையும் இல்லை. எல்லாரும் இறங்கினார்கள்.

ஒன்பது மணிக்குக் காற்று திரும்பியது. டீச்சர் பலகை மேல் படுத்தபடி அடுத்த அலைக்குக் காத்திருந்தார். அவர் அசையவில்லை, அவருக்கு அடியில் இருந்த தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்தது. கொடியை நோக்கி அடி அடியாகப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா எழுந்து நின்றதைப் பார்த்துத்தான் நானும் பார்த்தேன்.

அக்கா இரண்டு குட்டி விசில் ஊதினாள்.

மச்சான் நெஞ்சளவு தண்ணீரில் கரைக்கு முதுகைக் காட்டி, வங்கிக்காரரின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை. முன்பெல்லாம் முதல் விசிலுக்கே கழுத்து திரும்பிவிடும். அக்கா மறுபடி ஊதினாள். மறுபடி. பிறகு நீள விசில். காலேஜ் பெண்கள் இரண்டு பேரும் கேட்டுக் கரையேறிவிட்டார்கள். டீச்சரும் கேட்டுத் திரும்பினார், ஆனால் அதற்குள் இழுப்புக்குள் போய்விட்டார். பலகையோடு சேர்ந்து சிறியதாகிக்கொண்டே போனார். மச்சான் வங்கிக்காரரிடம் கையை எங்கே வைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். காற்று என் சத்தத்தை எங்கே கொண்டுபோனதோ.

அக்கா கொடி ஒன்றைப் பிடுங்கினாள். நீச்சல் தெரியாதவள் இடுப்புத் தண்ணீர் வரைக்கும் இறங்கி, விசிலை வாயிலிருந்து எடுக்காமல், இரண்டு கையாலும் கொடியை ஆட்டினாள். வங்கிக்காரர் கரையைப் பார்த்துப் படுத்திருந்ததால் அவர் கண்ணில் பட்டது. விரலை நீட்டிக் காட்டினார். அப்போதுதான் மச்சான் திரும்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததில் அவரைக் குறை சொல்ல முடியாது. வங்கிக்காரரை இறக்கிவிட்டு, அந்தப் பலகையிலேயே பாய்ந்து படுத்து நேராக அந்த இழுப்புக்குள்ளேயே போனார், அதுதான் டீச்சரிடம் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று. டீச்சரும் அவர் சொல்லிக்கொடுத்தபடியே எதிர்த்து நீந்தாமல், ஒரு கையால் பலகையைப் பிடித்து, இன்னொரு கையை நேராகத் தூக்கியபடி கிடந்தார். இரண்டு பேரும் இழுப்பு போகிற போக்கிலேயே போய், அது ஓய்ந்த இடத்தில் பக்கவாட்டில் விலகி, தள்ளி இருந்த அலைகளோடு கரைக்கு வந்தார்கள். இருபது நிமிடம் ஆயிற்று.

டீச்சர் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார், நன்றாக மூச்சு விட்டார், அழுதார், டீ குடித்தார். மச்சானின் பயம் முழுவதும் கோபமாகி அக்கா மேல் பாய்ந்தது.

"பாத்துக்கிட்டுத்தானே இருந்த? ஏன் ஊதல? ஒரு தடவ ஊதியிருந்தா போதாதா? ஒரு உயிரு போயிருக்கும்!"

அக்காவின் உடை இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது. கீழ் உதட்டில் விசில் அழுத்திச் சிவந்திருந்தது. "மச்சான், அக்கா..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

மச்சான் விடவில்லை. மாணவர்கள் பக்கம் திரும்பி, "கரைல நிக்கறவங்க தூங்கினா கடல்ல இருக்கறவன் செத்தான். இத மறக்காதீங்க" என்று பாடமே நடத்த ஆரம்பித்துவிட்டார். வங்கிக்காரர் மெதுவாக, "சார், விசில் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீங்களே பேசாம இருக்கீங்களே, அப்ப ஒண்ணுமில்லன்னு நெனச்சுட்டேன்" என்றார். அதுவும் மச்சானுக்குக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்.

அக்கா அவருக்குப் பின்னால் நடந்து போனாள். இருபது தப்படி. நின்று, விசிலை வாயில் வைத்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஊதினாள்.

தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். தண்ணீர் ஓரம் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. மாணவர்கள் நான்கு பேரின் கண்களும் மச்சானின் தோளைத் தாண்டிப் போயின. அவர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். ஆனால் இருபத்திரண்டு வருடம் கடலைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, எதிரில் இருந்த நான்கு முகங்களும் ஒரே பக்கம் திரும்பியது அதில் பட்டுவிட்டது. பேச்சு நடுவில் நின்றது.

"என்ன பாக்கறீங்க?"

அவர் திரும்பினார். அக்கா கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஊதறியா?" என்று கேட்டார்.

அவள் ஊதிக்கொண்டே தலையாட்டினாள்.

மச்சான் அவளிடம் போய் விசிலை வாங்கித் தன் வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். எங்களுக்குக் காது கூசியது. அவர் விசிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டுப்போன குக்கரைப் பார்க்கிற மாதிரி. பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன தடவ ஊதின?"

"எண்ணல" என்றாள் அக்கா. அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். அக்கா பிடுங்கிய கொடியை எடுத்துக்கொண்டு, பலகைகள் அடுக்கி வைக்கும் கொட்டகைக்குப் போய், கதவுக்கு முன்னால் நட்டார். அன்றோடு வகுப்பு நின்றது. மறுநாள் காலையில் நான் கடை திறப்பதற்கு முன்னால் எதிர்க் கட்டடத்தின் வாசலில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

நானும் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுத் துவாரத்தில் எலும்பு வளரும் என்றும், இவருக்கு இரண்டு பக்கமும் வளர்ந்து துவாரம் கிட்டத்தட்ட மூடிவிட்டது என்றும் சொன்னார். "இத்தன வருஷமா உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று அவர் காதருகே சத்தமாகக் கேட்டார்.

"தெரிஞ்சுது. தண்ணின்னு நெனச்சேன்" என்றார் மச்சான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணியா இருக்கணும்னு நெனச்சேன்" என்றார்.

அறுவை சிகிச்சை செய்தால் சரியாகும், பிறகு காதடைப்பான் போட்டுக்கொண்டு கடலில் இறங்கலாம் என்றார் டாக்டர். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் காதடைப்பானோடு முடிந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மச்சான் மூன்று வருடம் பயந்து ஓடிய 'இறங்காதே' என்ற வார்த்தையை டாக்டர் சொல்லவே இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு காது, ஆறிய பிறகு மறு காது. மொத்தம் ஏழு மாதம் கடல் கிடையாது. மனிதர் முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தலையில் கட்டோடு உட்கார்ந்து நூல் வெட்டினார், பட்டன்களை நிறவாரியாகப் பிரித்தார், காலர்களுக்கு இஸ்திரி போட்டு இரண்டைப் பொசுக்கினார். அக்காவைப் பார்த்தபடியே நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அவள் முகத்தில் நுரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றும். ஆனால் அன்றைக்கு நாலு பேர் முன்னால் அவளைத் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் கேட்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. 'தப்புதாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? ஒருநாள் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"நீ ஏன்க்கா சும்மா இருக்க?"

"காது ஆறட்டும்டா" என்றாள்.

மறுபடி வகுப்பு தொடங்கிய காலை நானும் போயிருந்தேன். கணக்கு டீச்சரும் வந்திருந்தார். முதல் ஆளாகப் பலகைக்கு மெழுகு தேய்த்து வைத்துக்கொண்டு நின்றார். மச்சான் எல்லாரையும் உட்கார வைத்தார். பதினைந்து நிமிடம் முடிந்தது. கொடி நட்டாயிற்று.

"இன்னிலேர்ந்து இன்னொண்ணு இருக்கு" என்றார். "இவங்க எனக்குப் பின்னால போய் நின்னு ஊதுவாங்க. நான் கையத் தூக்கணும். தூக்கலன்னா அன்னிக்கு வகுப்பு கிடையாது. நானே இறங்கறேன்னு சொன்னாலும் நீங்க இறங்காதீங்க."

சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார். அக்கா இருபது தப்படி எண்ணி நடந்தாள். இரண்டு குட்டி விசில் ஊதினாள். இரண்டாவது முடிவதற்குள் மச்சானின் கை மேலே போய்விட்டது. டீச்சர் கை தட்டினார். எல்லாரும் பலகையைத் தூக்கக் குனிந்தார்கள்.

அக்கா விசிலைக் கழுத்தில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்தாள். அவருக்கு ஐந்து தப்படி பின்னால் வந்ததும் நின்றாள். துணிக்கு அளவு எடுக்கும்போது பேசுகிற சாதாரணக் குரலில், "அன்னிக்கும் ஊதினேன்" என்றாள்.

மச்சான் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே மறுபடியும் கையைத் தூக்கினார். அவள் பக்கத்தில் வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்குகிற வரைக்கும் அவர் அதை இறக்கவில்லை.